காலி தேல்

எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்று, என்ன வேலை பார்க்கிறாய் என்று கணேஷ்குமாரைக் கேட்டேன். "நிலக்கரியையும் வண்டியிலேர்ந்து எடுத்துப் போடுற பழைய ஆயிலையும் சேர்த்து டீசல் மாதிரி பண்றோம்க்கா" என்றான். எனக்குத் திக்கென்றது. டீசலில் கண்டதைக் கலந்து விற்று மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி மாதம் ஒரு தடவையாவது பேப்பரில் வருகிறது. அட்வான்ஸை வேறு வாங்கி உள்ளே வைத்தாயிற்று. "போலீசு கீலீசு வருமா தம்பி?" என்று கேட்டேவிட்டேன். எனக்கு நாக்கு நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவன் பெண்டாட்டி சுபாஸ்ரீ சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு, இடுப்பிலிருந்த குழந்தை ஹம்ஸினியும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் ஐதராபாத்தில் மல்காஜ்கிரிவாசிகள். ரயில்வே வேலைக்காக ஜோலார்ப்பேட்டையிலிருந்து வந்த குடும்பம், வந்து மூன்று தலைமுறை ஆகிறது. என் வீட்டுக்காரர் சூசைராஜ் லாலாகூடா ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்தவள். 'செல்லம்மா சிஸ்டர்' என்றுதான் இன்னும் தெருவில் கூப்பிடுகிறார்கள். எங்கள் வாயில் தமிழும் தெலுங்கும் ஐதராபாத் உருதுவும் குழைந்து வரும். எது எங்கே முடிந்தது என்று எங்களுக்கே தெரியாது. மாடிவீட்டுப் பிள்ளைகள் அப்படியில்லை. அவன் நெய்வேலி, அவள் கோயம்புத்தூர். காலேஜில் பழகி, அவள் அப்பாவின் கோபத்தைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர்த் தமிழ் ஓடும். குழந்தை மட்டும் இரண்டுக்கும் தெலுங்கில் பதில் சொல்லும்.

அவன் வேலையைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி தெரிந்துவிட்டது. நிலக்கரியை முகத்துக்குப் போடும் பவுடர் போல அரைக்க வேண்டும். மெக்கானிக் கடைகளில் கழித்த இன்ஜின் ஆயிலில் அதைக் கலந்தால், இட்லி மாவுப் பதத்தில் ஒரு கறுப்புக் கூழ். அதில் அவன் செய்த கேட்டலிஸ்ட் பொடியைப் போட்டு, பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா மாதிரி, ரியாக்டர் என்று ஒரு தடித்த இரும்புப் பாத்திரத்தில் மூடி, ஹைட்ரஜன் வாயுவை அழுத்தி ஏற்றி, நன்றாகச் சூடு காட்ட வேண்டும். சரியாக வந்தால் கரி உடைந்து, டிகாஷன் நிறத்தில் தண்ணீராக ஓடும். அதைக் காய்ச்சி வடித்தால் வண்டிக்கு எரிபொருள். சரியாக வராவிட்டால் பாத்திரத்திலிருந்து தார் இறங்கும். ரோடு போடுகிற அதே தார்.

"கேட்டலிஸ்ட்னா மருந்து மாதிரியா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மருந்து இல்லக்கா. கல்யாணத் தரகர்னு வெச்சுக்குங்க. கரிக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல பூந்து பேசி முடிச்சு வெப்பாரு. தான் எதுலயும் மாட்டிக்க மாட்டாரு. வந்தபடியே வெளிய வந்துடுவாரு."

"எந்த ஊருல கீறான் அப்பேர்ப்பட்ட தரகன்? ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கினுதானே எழுந்திருப்பான்!"

"எங்குளுக்குத் தரகரே வாய்க்கலீங்க்கா. நாங்களே பேசி, நாங்களே திட்டு வாங்கிக்கிட்டோம்" என்றாள் சுபா.

மார்ச்சில் ஒருநாள் அவன் மாடிப்படியைக் கூட மறந்து நேராக என் சமையலறைக்கு ஓடிவந்தான். கையில் ஒரு பாட்டில். உள்ளே டிகாஷன் நிறம். "வந்துடுச்சுக்கா! கரி மொத்தமும் ஓடி வந்துடுச்சு!" அன்றைக்கு சுபா அரிசிம்பருப்பு சாதம் செய்து எங்களையும் கூப்பிட்டுப் போட்டாள். நெய் ஒழுக ஒழுகச் சாப்பிட்டோம். அவன் இந்த வேலை பார்க்கிற ஷெட்டுக்குப் பணம் போட்டிருந்த புனேக்காரர்கள் போனில் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு அது வரவேயில்லை. அதே கரி, அதே ஆயில், அதே பொடி, அதே சூடு. ஆனால் தார். ஏப்ரல் முழுக்கத் தார், மே முழுக்கத் தார். கரியை இன்னும் நைசாக அரைத்துப் பார்த்தான். பொடியைப் புதிதாகச் செய்தான். வாயு சிலிண்டரை மாற்றினான். மௌலாலி ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே, ரோகிணி கார்த்தெ என்கிற மே கடைசி வெயிலில், அந்தத் தாரைச் சுரண்டிச் சுரண்டி அவன் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. ரோகிணி கார்த்தெயில் உரலே வெடிக்கும் என்பார்கள் இங்கத்துத் தெலுங்குக்காரர்கள். மனுஷன் எம்மாத்திரம்?

கடைசியில் புனேக்காரர்கள் ஒரு கெடு வைத்தார்கள். பம்பாயிலிருந்து பெரிய எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர் சீனிவாசன் என்பவர் வெள்ளிக்கிழமை வருவார். அவர் கண்ணெதிரே மார்ச் மாதத்து எண்ணெய் வர வேண்டும். வராவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடலாம். கோயம்புத்தூரில் சுபாவின் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த பம்ப்செட் கம்பெனியில் மருமகனுக்கு வேலை பேசி முடித்துவிட்டார். சுபாவின் ஆபீசும் அவளை அங்கே மாற்றித் தரத் தயார். திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டும். சாமான் ஏற்ற டெம்போவுக்குக்கூட அவர் சொல்லிவைத்துவிட்டார். மாடியில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பாத்திரங்கள் பழைய பேப்பருக்குள் போயின.

அந்த வாரம் நான் ஆவக்காய்க்கு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். சுபா வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள். நடுவில் இறங்கி வந்து, கொட்டையின் உள்தோலை உரித்துக் கொடுத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க்கா. எனக்கு இங்கிருந்து போகோணும்னு ஆசையில்லீங்க" என்றாள்.

"நான் இன்னாத்துக்குத் தப்பா நெனைக்கப் போறேன்? தினமும் மாதாப்பூர் ஆபீசுக்குப் போயிட்டு நீ துவண்டு வர்றதை நான் பாக்கறேன் இல்ல?"

"அது பழகிருச்சுங்க. அவன் மொகத்தப் பாக்கத்தானுங்க முடியறதில்ல. ஊட்டுக்கு வந்தா பேச்சே இல்ல. சோத்தத் தட்டுல போட்டா, அதையே ரியாக்டரப் பாக்கறாப்ல பாத்துட்டு உக்காந்திருக்கறான். நேத்துப் பாப்பா என்னமோ தெலுங்குல கேட்டுச்சு. 'டெம்பரேச்சர் சரியாத்தான் இருந்துச்சு'ங்கறானுங்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"பம்ப் கம்பெனிக்குப் போயிட்டா சரியாயிடுவானா?"

"நேரத்துக்கு வருவான், நேரத்துக்குத் திம்பான். நல்லாத்தான் இருக்கும்." ஒரு கொட்டையை எடுத்து உரிக்காமல் கையிலேயே உருட்டினாள். "ஆனா வர்றது அவன்தானான்னு தெரியலீங்க்கா."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் மாங்காய்ப் பால்.

புதன்கிழமை மத்தியானம்தான் அது நடந்தது. பாத்திரம் ஆறுகிற நேரத்தில் கணேஷ் சாப்பிட வந்திருந்தான். நான் கோங்கூரா பச்சடி கொண்டுபோனேன். கோங்கூரா என்றால் நம் புளிச்சகீரைதான். ஆனால் அப்படிச் சொன்னால் இந்த ஊரில் கோபித்துக்கொள்வார்கள். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, இன்னொரு கையால் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்துல் காதரைக் கூப்பிட்டான். அப்துல் காதர் மெக்கானிக் கடை கடையாகப் பழைய ஆயில் வாங்கிச் சேர்த்து விற்கிறவர். மௌலாலி பக்கத்திலேயே அவருக்கு ஒரு யார்டு. இதுவரை அவரோடு இவன் பேசியதை நான் கேட்டதில்லை.

"சலாம் பாய். கல் ஏக் டிரம் ஹோனா."

"ஹவ் சாப். வோயிச்?"

"வோயிச் பாய். காலி தேல். காலி தேல்ச் ஹோனா. மார்ச் மே தியா நா, வைசா. அபீ தியா சோ காலி நஹீ. ஔர் காலி ஹோனா."

நாளைக்கு ஒரு டிரம், மார்ச்சில் தந்த மாதிரியே, இன்னும் 'காலி'யாக வேண்டும் என்கிறான். மறுபக்கத்தில் பெரிய பெருமூச்சு கேட்டது. "ஔர் காலி? ஔர் கித்னா காலி கரூம் சாப்?" இன்னும் எவ்வளவுதான் 'காலி' பண்ணுவது என்கிறார் மனிதர், அழாத குறை.

சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அன்றும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த சுபா ஓடிவந்து தலையில் தட்டினாள்.

"தம்பி," என்றேன், மூச்சு வந்ததும், "நீ அந்த பாய்கிட்ட இன்னா கேட்டுக்கினு கீறே?"

"கறுப்பு ஆயில்தான்க்கா. மார்ச்சுல குடுத்தது நல்லாக் கறுப்பா கூழாட்டம் இருந்துச்சு. அதைத்தான் மூணு மாசமா கேக்கறேன். காலி தேல்."

தலையில் அடித்துக்கொண்டேன். கறுப்புக்கு இந்தியில் காலா. பெண்பாலாக இருந்தால்தான் காலி. எண்ணெய் ஆணா பெண்ணா என்று நெய்வேலியில் யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அதுவாவது போகட்டும். அந்தக் காவைக் கொஞ்சம் மூச்சு விட்டுச் சொன்னால் அது வேறு வார்த்தை. நாம் காலிப் பாத்திரம் என்கிறோமே, அந்தக் காலி. ஐதராபாத்தில் அதற்கு 'வெறும்', 'மட்டும்' என்று அர்த்தம். ஓட்டலில் 'காலி சாவல் ஹோனா' என்றால் குழம்பு வேண்டாம், சோறு மட்டும் போதும். நம் தமிழ் நாக்குக்கு எல்லாம் ஒரே கா. இவன் கறுப்பு எண்ணெய் கேட்க, அவர் காதில் 'வெறும் எண்ணெய்' என்று விழுந்திருக்கிறது. வேறு எதுவும் கலக்காத வெறும் எண்ணெய்.

போனைப் பிடுங்கி நானே பேசினேன். அப்துல் காதர் கொட்டித் தீர்த்துவிட்டார். மார்ச்சில் ஏதோ பரீட்சைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, தொட்டியின் அடியில் கிடந்த மண்டியை அள்ளி டிரம்மில் போட்டு அனுப்பினாராம். அடுத்த வாரமே சாப் போன் செய்து 'எண்ணெய் மட்டும் வேண்டும்' என்றதும் அவருக்கு வெட்கமாகப் போயிற்றாம். படித்த மனிதருக்கு மண்ணை அனுப்பிவிட்டோமே என்று, அன்று முதல் ஆயிலை ஒரு வாரம் ஆடாமல் தெளிய வைத்து, மேலாக மொண்டு, மல்துணியில் வடிகட்டி அனுப்புகிறாராம். ஒவ்வொரு தடவையும் சாப் இன்னும் 'காலி' கேட்க, இவர் இன்னும் ஒரு மடிப்புத் துணி சேர்த்தாராம். வேறு எந்தப் பார்ட்டிக்கும் இப்படிச் செய்ததில்லையாம். சாப் நல்ல மனிதர் என்பதால்தானாம்.

நான் சொல்லச் சொல்லக் கணேஷின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"மண்டியா?" என்றான். "இன்ஜின் தேய்ஞ்சு வர்ற இரும்பு, இன்னும் என்னென்னமோ உலோகம் எல்லாம் அதுலதான்க்கா தங்கும். அது கேட்டலிஸ்டைக் கெடுத்துடும்னு நாங்க படிச்சிருக்கோம். ஆயில் சுத்தமா வருதேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்." பிறகு, யாரிடம் என்றில்லாமல், "அப்ப மார்ச்சுல வேலை செஞ்சது என் பொடி இல்லியா?" என்றான்.

சுபா லேப்டாப்பை மூடினாள். "அந்த மண்டி இப்ப எங்கீங்க்கா இருக்குதாம்? கேளுங்க" என்றாள்.

செங்கல் சூளைக்கு விற்கலாம் என்று மூலையில் சேர்த்து வைத்திருந்தாராம். கணேஷை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, சூசைராஜிடம் குழந்தையை விட்டுவிட்டு, நானும் சுபாவும் ஆட்டோ பிடித்துப் போனோம். யார்டு முழுக்க டிரம். நிழலிருந்த ஒரே இடத்தில் பக்ரீத்துக்கு வாங்கிய இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. மண்டி வேண்டும் என்று கேட்டதும் அப்துல் காதருக்கு முகம் வாடிவிட்டது. சாப் தன்மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் இப்படிக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார். நான் காலாவையும் காலியையும் பிரித்து விளக்கினேன். முதலில் வாயைப் பிளந்தார். அப்புறம் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து, தொப்பி கழன்று விழுகிற வரைக்கும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"மூணு மாசம், பேகம்! என் பொண்டாட்டி மல்துணி எல்லாம் போச்சு!" என்று சுபாவிடம் உருதுவில் புலம்பினார். "உங்க வீட்டுக்காரர் வாத்தியார் வெச்சு இந்தி படிக்கட்டும். நானே ஃபீஸ் கட்டறேன்."

சுபாவுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் சிரித்தாள். பிறகு சுடிதார் கையை மடித்துவிட்டு, கம்பால் அந்த மண்டியைக் கிளறி, அள்ளி அள்ளி டிரம்மில் போட்டாள். நான் வேண்டாம் என்றேன், அவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. முழங்கை வரைக்கும் கறுப்பு. அன்றைக்கு அவள் ஆபீஸ் மீட்டிங் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டியோடு தன் பொடியையும் போட்டான், எண்ணெய் வந்தது. டிகாஷன் நிறம், தண்ணீர் ஓட்டம், மார்ச் மாதத்து மாதிரியே. பம்பாய் சீனிவாசன் அதை உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, முகர்ந்து, தலையாட்டினாராம். "உங்க கேட்டலிஸ்ட் என்ன?" என்று கேட்டாராம். இந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? ஆதியோடந்தமாக அத்தனையும் ஒப்பித்துவிட்டான். காலா, காலி, மல்துணி, மண்டி, எதையும் விடவில்லை.

சீனிவாசன் சிரிக்கவில்லையாம். "அப்போ உங்க பொடியைப் போடாம, மண்டியை மட்டும் வெச்சு ஓட்டிப் பாத்தேளா?" என்றாராம்.

"இல்ல சார்."

"ஓட்டுங்கோ. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் எனக்கு ஃப்ளைட். பாத்துட்டுப் போறேன்."

சாயங்காலம் மாடியில் இடி விழுந்தது. சுபா சாதாரணமாக அவனை வா போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்துவிட்டால் கோயம்புத்தூர் மரியாதை வந்துவிடும்.

"அவரு கேட்டாருங்களா? கேட்டலிஸ்ட் என்னன்னுதானுங்க கேட்டாரு? என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வாய மூடியிருக்கலாமில்லீங்க? ஊர்க் கதையெல்லாம் எதுக்குங்க அவருகிட்ட?"

"சொல்லாம உட்டா அடுத்த டிரம்முல மறுபடியும் தார் வரும், சுபா. அப்ப என்ன சொல்லுவேன்?"

"ஞாயித்துக்கெழம மண்டிய மட்டும் போட்டே எண்ணெ வந்துருச்சுன்னா? அப்பறம் நீங்க எதுக்குங்க? ரெண்டு வருசம் எதுக்குங்க?"

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அதுதான் எனக்கும் தெரியணும்" என்றான்.

சனிக்கிழமை பக்ரீத். ஷெட்டில் வேலை இல்லை. அப்துல் காதர் வீட்டிலிருந்து எங்களுக்கும் மாடிக்கும் கறி வந்தது. மாடியில் அதை யாரும் தொட்ட மாதிரித் தெரியவில்லை. சுபா அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம்தான் நாள் முழுக்கக் கேட்டது. பாதியை ஒட்டுவாள், கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது, மறுபடியும் ஒட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மிருகசிரா. மழைக்காலம் பிறக்கிற நாள். அன்று ஐதராபாத்தில் மீன் தின்னாதவன் மனுஷனில்லை. பூசை முடிந்து வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மீன் மார்க்கெட்டில் குடைக்குக் குடை இடித்துக்கொண்டு வாங்கி வந்து, வறுத்து, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் ஷெட்டுக்குப் போனோம். ஹம்ஸினி வழியெல்லாம் வத்து வத்து என்று தெலுங்கில் வேண்டாம் சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு தின்றுவிட்டது.

கணேஷ் விடியற்காலையிலேயே பாத்திரத்தைச் சூடேற்றி முடித்து, ஆறவிட்டிருந்தான். உள்ளே கரி, ஆயில், மண்டி. அவனுடைய பொடி ஒரு சிட்டிகைகூட இல்லை. சீனிவாசன் ஒல்லியாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அப்துல் காதரும் பண்டிகைச் சட்டையோடு வந்துவிட்டார். தன் மண்டியின் பரீட்சை ஆயிற்றே.

எங்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாக எந்தத் தாரைப் பார்த்து இந்தப் பிள்ளைகள் செத்துப் பிழைத்தார்களோ, அந்தத் தாரே வர வேண்டும். எண்ணெய் வந்தால், எல்லாம் மண்டியின் வேலை. அவன் பொடிக்கு அங்கே இடமில்லை. மாதாவே, தாரா வரட்டும், கெட்டியா வரட்டும் என்று நான் உள்ளுக்குள் ஜெபம் சொன்னேன். என் வாழ்நாளில் மாதாவிடம் இப்படி ஒரு விண்ணப்பம் நான் வைத்ததில்லை. அப்துல் காதர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. என்ன கேட்டார் என்று அவருக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும்.

கணேஷ் அடிக்குழாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிறது. சுபா என் கையைப் பிடித்திருந்தாள், வலித்தது. அவன் குழாயை இன்னும் திருப்பினான். வாயில் ஏதோ கறுப்பாக எட்டிப் பார்த்தது. பார்த்தபடியே நின்றது. பிறகு மெதுவாக, சோம்பேறித்தனமாக, ஒரு முழம் நீளத்துக்கு நூலாக இறங்கி, வாளியில் சுருண்டு படுத்தது.

"தார்!" என்று கத்தினேன். "தம்பி, தாருடா!"

கணேஷ் அந்த வாளிக்கு முன்னால் அப்படியே குந்திவிட்டான். விரலால் தொட்டான். விரலோடு வந்தது. "தார்தான்" என்றான், தாயைப் பார்த்த பிள்ளை மாதிரி. அப்துல் காதர் அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தார். ஈத் முபாரக் என்று ஒரு நாள் தாமதமாகச் சொன்னார். பண்டிகைச் சட்டை பாழ்.

சீனிவாசன் குனிந்து வாளியைப் பார்த்தார். "உங்க பொடி மட்டும் போட்டாலும் தார், மண்டி மட்டும் போட்டாலும் தார். ரெண்டும் சேந்தாத்தான் எண்ணெய்" என்றார். "அந்த மண்டிக்குள்ள என்ன இருக்குன்னு இனிமே கண்டுபிடிக்கணும். அதுக்கு நாளாகும். ஷெட்டைப் பூட்ட வேண்டாம்னு புனேக்கு நான் சொல்றேன்." அப்புறம்தான் முதல் தடவையாகச் சிரித்தார். "நீங்க மட்டும் இனிமே இந்தியில ஆர்டர் குடுக்காதீங்கோ."

அப்போது சுபாவின் போன் அடித்தது. கோயம்புத்தூர். மழைச் சத்தத்தில் காது கேட்காமல் அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னாச்சு கண்ணு? முடிஞ்சுதா? என்ன வந்துச்சு?"

"தாருங்ப்பா" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது, மூச்சு முட்டுகிறது.

"தாரா? எண்ணெ கொஞ்சங்கூட வரலியா?"

"சொட்டுக்கூட வரலீங்ப்பா. வெறும் தாரு."

அந்த மனிதர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "அழுவாதே அம்மிணி. மாப்பளய ஒண்ணுஞ் சொல்லிப்போடாதே. பாவம், அவரும் எத்தன நாளைக்குத்தான் மல்லுக்கட்டுவாரு? போவுது போ. நாளைக்குக் காத்தால டெம்போ வந்துரும். பொறப்பட்டு வந்துருங்க சாமி."

மகளுக்காக அவர் குரல் அப்படி இளகியதைக் கேட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. கணேஷ் தார் ஒட்டிய விரலோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டெம்போ வேண்டாமுங்ப்பா" என்றாள் சுபா. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எண்ணெ வந்திருந்தாத்தானுங்ப்பா நாங்க வந்திருப்போம். தாரு வந்துருச்சுங்ப்பா. நாங்க வரலீங்."